இமை அரிப்பா? சொட்டு மருந்துக்கு முன் இமை முடியின் அடியைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் கண் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பயிற்சி மாணவர்கள் இமை அழற்சியில் சறுக்கும் இடங்கள் வருடா வருடம் அதேதான். கை கழுவாதது, கண்ணைக் கசக்குவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு "அலர்ஜி" என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பூக்கட்டும் அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், பல மாத அரிப்போடு வந்தார். போன இடமெல்லாம் அலர்ஜி என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் அவரே கடையில் வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறார். "போட்டா ரெண்டு நாள்ல அடங்குது தம்பி, விட்டா மறுபடி பிடுங்குது" என்றார்.

மாணவரும் கண் சிவந்திருப்பதைப் பார்த்து அலர்ஜி என்றே எழுதப் போனார். "அம்மா, கொஞ்சம் கீழே பாருங்க" என்றேன். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் வெளிச்சத்தில், மேலிமை முடி ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகு நிறத்தில் வளையமாகச் செதில். டெமோடெக்ஸ் என்ற, வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உண்ணியின் தெளிவான அடையாளம் இதுதான். நேராகப் பார்க்கும்போது இது கண்ணில் படாமலே போகும்.

டெமோடெக்ஸ் ஃபாலிகுலோரம் 0.3 முதல் 0.4 மி.மீ. நீளம், முடிக்குழியில் வாழும். அதைவிடச் சிறிய இன்னொரு வகையான டெமோடெக்ஸ் பிரெவிஸ் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் இருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குமே தவிர, உண்ணியைக் கொல்லாது. மருந்தை நிறுத்தியதும் அரிப்பு திரும்புவது அதனால்தான். மேற்பார்வை இல்லாமல் இந்தச் சொட்டை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். அந்த அம்மாவுக்கு அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருந்தது. அரிப்புக்காக வந்தவருக்கு இப்போது கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்கான கண்காணிப்பு. தயவுசெய்து, இமையில் அரிப்பு என்று வரும் எல்லாரையும் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில் சிகிச்சையை நிறுத்துவது

உண்ணியின் வாழ்க்கைச் சுற்று இரண்டு, மூன்று வாரம். முட்டைகள் மிஞ்சினால் கூட்டம் மறுபடி பெருகும். அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற, உண்ணியைக் கொல்லும் லோட்டிலேனர் சொட்டு மருந்தைக்கூட தினம் இரண்டு வேளை, 6 வாரம் விடச் சொல்கிறார்கள்.

கலக்காத டீ ட்ரீ எண்ணெய்

உண்ணியைக் கொல்ல என்று இதை இமையில் பூசுவது வேண்டவே வேண்டாம். கருவிழி புண்ணாகும்.

பழைய கண்மை டப்பா

தூக்கிப் போடுங்கள்.

உண்ணி இருந்தாலே நோய் என்பது

வயதானவர்களில் பெரும்பாலோருக்கு இது எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். அரிப்பு, சிவப்பு, செதில் இருந்தால்தான் சிகிச்சை.

ஒரே இமை மட்டும்

மாதக்கணக்கில் ஒரு பக்க இமை மட்டும் தடித்து, முடியும் கொட்டினால் உண்ணி என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம். உடனே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) தேவைப்படலாம்.