'ஒண்ணுமே இல்ல சார்': தபால் வரலாறு தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் தங்கள் ஊர்த் தபாலின் வரலாற்றைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதங்களின் முத்திரை புரியவேண்டும். இன்னொருவர் முனைவர் பட்டத்துக்கு ஓசூர் சாலைத் தபாலை எடுத்திருக்கிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆவணக் காப்பகங்களின் ஆன்லைன் கேட்டலாக்கை, அதாவது ஆவணப் பட்டியலை, திறந்ததும், எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, பாஸ்வேர்டு போன்ற சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும்.

எந்தக் காப்பகம் என்று யோசிக்காமல் தொடங்குவது

தபால் வரலாறு என்று கூகுளில் தேடினால் லண்டன் போஸ்டல் மியூசியம் சீக்கிரமே கண்ணில் படும். அருமையான காப்பகம். தொகுதிகளுக்கு 'போஸ்ட்' என்ற சொல்லோடு எண் கொடுத்து ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள். போஸ்ட் 58 ஊழியர் நியமனங்கள், போஸ்ட் 29 தபால் கப்பல்கள் பற்றிய குறிப்புகள் என்று போகும். நம்மவர்கள் நேராக போஸ்ட் 58-க்குள் போய்க் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுகிறார்கள்.

அங்கே அவர் இருக்கமாட்டார். அது பிரிட்டன் நாட்டு அஞ்சல் துறையின் ஆவணம். இந்தியத் தபால் தனி நிர்வாகம். முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ், பிறகு இந்திய அரசின் கீழ். 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு டைரக்டர் ஜெனரல் தலைமையில் நாடு முழுவதற்கும் ஒரே துறையானது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பை சுமந்து ஓடிய ரன்னருக்கு லண்டன் சம்பளம் கொடுக்கவில்லை. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே கடிதம் எந்தக் கப்பலில் வந்தது, ஒப்பந்தம் யாருக்கு, கட்டணம் எவ்வளவு என்பதற்கு லண்டனுக்குப் போங்கள். ஊர்த் தபாலுக்கு டில்லி தேசிய ஆவணக் காப்பகம் (அதன் தளத்தின் பெயர் அபிலேக் படல்), எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன.

ஓசூர் ஆட்கள் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1889 வரை மைசூர் சமஸ்தானத்துக்கு 'அஞ்சே' என்ற சொந்தத் தபால் இருந்தது. எல்லை தாண்டினால் வேறு நிர்வாகம். அதனால் ஓசூர்க் கதையில் பாதி பெங்களூரில் கிடக்க வாய்ப்புண்டு.

பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதிவிடுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட்டலாக்கில் 'கிருஷ்ணகிரி' என்று அடிக்கிறார்கள். எதுவும் வருவதில்லை. 'தருமபுரி' என்றால் பிற்காலத்துக் கோப்புகள் இரண்டொன்று தலைகாட்டும். ராயக்கோட்டை, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று வரிசையாக அடித்துப் பார்க்கிறார்கள். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் தேடல் முடிந்துவிடுகிறது. பிறகு எழுதுகிறார்கள்: 'இப்பகுதியின் அஞ்சல் சேவை குறித்த ஆவணங்கள் எவையும் இல்லை.'

இந்த ஒரு வரி செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாணவியின் ஆய்வேட்டு முதல் அத்தியாயத்தில் இதைப் படித்தேன். அவர் தந்த நம்பிக்கையில் அது ஓர் ஊர் விழா மலருக்குப் போனது. மலரைப் பார்த்து இன்னொருவர் கட்டுரை எழுதினார். அடுத்ததாக ஆர்வத்தோடு வந்த பையன் அந்தக் கட்டுரையைக் காட்டி, "அதான் ஆவணமே இல்லைன்னு போட்டிருக்காங்களே சார்" என்று தேடாமலே விட்டுவிட்டான். கிடைக்கிற தாளைக் கரையான் தின்றால் ஒரு தாள்தான் போகும். இந்த வரியோ தேட வருகிறவர்களையே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அந்த மாணவியிடம் பேசியபோது, "மூணு கேட்டலாக்லயும் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல சார்" என்றார். "ஊர் பேரைத்தானே பாத்தே? மேல ஏறிப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். மேலே என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேட்டலாக் தாள்களை அவற்றை உண்டாக்கிய அலுவலகத்தின் பெயரில் அடுக்குகிறது, தாளுக்குள் வரும் ஊரின் பெயரில் அல்ல. கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து லாரி ஏறும் மாங்காய்ப் பெட்டியில் மண்டிக்காரர் பெயர்தான் இருக்கும். எந்தத் தோப்புக் காய் என்று இருக்காது. கோப்பின் தலைப்பும் அப்படித்தான். 'மதராஸ் வட்டம், சிப்பந்திகள் திருத்தம்' என்று குமாஸ்தா ஒற்றை வரி எழுதியிருப்பார். கட்டைப் பிரித்தால் உள்ளே எந்த வழியில் எத்தனை ரன்னர், எந்த ஊரில் மாற்று ஆள், மாதச் சம்பளம் என்ன என்று ஊர் ஊராக விரியும். அந்த ஊர்களைத் தேடல் பெட்டி அறியாது, ஏனென்றால் அது தேடுவது அந்த ஒற்றை வரியை மட்டும்தான்.

ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி: அந்த வருடத்தில் என் ஊர் யாருடைய அதிகாரத்தில் இருந்தது?

நம் பகுதிக்கு இதற்கான பதில் அடிக்கடி மாறியிருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால் (அன்று இந்தப் பகுதிக்கு இருந்த பெயர்) கம்பெனியிடம் வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்து வேலை பார்த்தார். ஆகவே அந்த ஆண்டுகளுக்குப் 'பாராமகால்' என்றுதான் தேடவேண்டும். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகே ஓசூர்ப் பகுதி வந்து சேர்ந்தது. அதன் பிறகு நெடுங்காலம் எல்லாமே சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். 1880-ஆம் ஆண்டுக் கோப்பைத் தேடிக்கொண்டு 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று அடிப்பவருக்கு என்ன கிடைக்கும்?

இதோடு திருப்பத்தூரையும் சேருங்கள். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை வந்தது. 1906-ல் மொரப்பூர்–தருமபுரி பாதை, 1913-ல் அது ஓசூர் வரை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள். ரயில் ஓடிய அந்த ஆண்டுகளுக்கு ரயில்வே தொகுதிகளையும் புரட்டாமல் விடக்கூடாது. அதற்குள் 1911-ல் திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து வட ஆற்காட்டுக்குப் போய்விட்டது. ஒரே தண்டவாளத்தின் இரு முனைகள் இரண்டு மாவட்டங்களில். சேலத்தோடு நிறுத்திக்கொண்டவருக்குப் பாதிக் கதை கிடைக்காது.

அஞ்சல் துறையின் எல்லையும் வருவாய்த் துறையின் எல்லையும் ஒன்றாக இருந்ததே இல்லை. இன்றைக்கும் பின்கோடைப் பாருங்கள். கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. வாணியம்பாடியும் ஆம்பூரும் அதே 635-ல்தான் வருகின்றன. தருமபுரித் தலைமை அஞ்சலகமோ 636701, சேலத்தோடு போகிறது. 1972-ல் பின்கோடு வந்தபோது கடிதம் போகும் வழியைப் பார்த்து எண் கொடுத்தார்கள்.

இன்னொரு சிக்கல், எல்லாத் தபாலும் தபால் துறையுடையது அல்ல. தாலுகா கச்சேரிக்கும் காவல் நிலையங்களுக்கும் காகிதம் கொண்டுபோக மாவட்ட நிர்வாகங்கள் நடத்திய 'மாவட்டத் தபால்' பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. 1906-க்குள் அது பொதுத் தபாலோடு கலந்துவிட்டது. மலையோர ஊர்களுக்கு நீங்கள் தேடும் ரன்னர் இதில் சம்பளம் வாங்கியவராக இருந்தால், அவர் 'அஞ்சல்' என்ற தலைப்பின்கீழ் இருக்கமாட்டார். வருவாய்த் துறைக் கடிதங்களுக்குள் இருப்பார். டில்லியிலும் அஞ்சல் கோப்புகள் ஒரே துறையில் இல்லை. 1905-ல் வணிகம்–தொழில் துறை தொடங்கியதும் அதன்கீழ் போயின; அதற்கு முந்தையவை வேறு துறைகளில் கிடக்கின்றன.

ஊர்ப்பெயரைத் தேடத்தான் வேண்டுமென்றால் அன்றைய எழுத்தில் தேடுங்கள். கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி' ஆக இருக்கும். தருமபுரி 'தரம்பூரி'. ராயக்கோட்டை 'ரயாகோட்டா'. ஓசூருக்கு ஆங்கிலத்தில் எச் இல்லாமலும் இருக்கலாம். தபால் என்பதையும் சென்னைப் பக்கத்தில் 'டப்பால்' என்றும் வங்காளப் பக்கத்தில் 'டாக்' என்றும் எழுதினார்கள்.

மாணவிக்குச் சேலம் கலெக்டரின் கடிதத் தொகுதியிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஊர்ப்பெயரை மறந்துவிட்டு, ஆண்டையும் அலுவலகத்தையும் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கினார். ஊழியர் சம்பளம் பற்றிய ஒரு கட்டில், தலைப்பில் எந்த ஊரும் இல்லாத கட்டில், தொப்பூர்க் கணவாய் வழியாக ஓடியவர்களின் பட்டியல் இருந்தது. பெயர்களோடு. 'ஆவணங்கள் இல்லை' என்று அவர் எழுதியது இந்த மனிதர்களைப் பற்றித்தான். கரடியும் சிறுத்தையும் திரிந்த காட்டு வழியில் ஈட்டியும் சதங்கையுமாக ஓடியவர்களை ஒரு தேடல் பெட்டியை நம்பி இல்லாமல் ஆக்கிவிட நமக்கு உரிமை கிடையாது.

எல்லா இடத்திலும் தேடிவிட்டீர்கள், நிஜமாகவே எதுவும் வரவில்லை என்றால், எந்தத் தொகுதிகளை, எந்த ஆண்டுகளுக்கு, எந்தச் சொற்களால் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம். இந்திய அரசின் நடவடிக்கைக் கோப்புகள் ஏ, பி, டெபாசிட் என்று பிரிக்கப்பட்டவை. முக்கியம் என்று நினைத்த ஏ வகையை அச்சிட்டார்கள், மற்றவற்றில் நிறையக் கழித்துவிட்டார்கள். ஒரு ரன்னரின் விண்ணப்பம் ஏ வகையில் வந்திருக்காது. இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் 'கிடைக்கவில்லை' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஒற்றை வரியைப் பார்த்து நகலுக்குப் பணம் கட்டுவது

பாலக்கோட்டுக்காரர் ஒருவர் வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றின் கேட்டலாக்கில் 'சேலம் துணை அஞ்சலகம்' என்று கண்டதும் பவுண்டு கணக்கில் பணம் கட்டி நகல் வாங்கினார். வந்தது வேல்ஸ் நாட்டில் கார்மார்தன்ஷையரில் உள்ள சேலம் என்ற சிற்றூர். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள். அந்தப் பதிவுக்கு மேலே இருந்த தொகுப்புப் பெயரை ஒருமுறை சொடுக்கியிருந்தால் வேல்ஸ் என்று தெரிந்திருக்கும்.

கோப்பின் தேதியை நிகழ்ச்சியின் தேதி என்று நினைப்பது

பழைய பிரிட்டிஷ் அஞ்சல் அலுவலகத்தில், ஒரு விவகாரம் மறுபடி எழுந்தால் முந்தைய தாள்களை எடுத்துவந்து புதியதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கட்டு கடைசி எண்ணின்கீழ் போய்விடும். ஆகவே நீங்கள் தேடும் ஆண்டோடு நிற்காமல் அதற்குப் பின்னால் பல வருடங்கள் வரை பாருங்கள்.

பசலி

வருவாய்க் கணக்குகளில் ஆண்டு 1264 என்று இருந்தால் அது பசலி, வருவாய்த் துறையின் தனி ஆண்டுக் கணக்கு. 590-ஐக் கூட்டுங்கள்: 1854–55.

லிங்க்கை மட்டும் சேமிப்பது

கூடாது. குறியீட்டு எண்ணை முழுதாக, புள்ளி, கோடு எல்லாவற்றோடும் நோட்டில் எழுதுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் கேட்டலாக்குகள் பல மாதங்களுக்குத் திறக்கவில்லை. சேமித்து வைத்த லிங்க்குகள் அத்தனையும் பயனற்றுப் போயின. எண்ணை வைத்திருந்தவர்களுக்கு எந்தக் கட்டைக் கேட்கவேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது.

கேட்டலாக் குறிப்பை மேற்கோள் காட்டுவது

தாளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

காப்பாளரிடம் கேட்கத் தயங்குவது

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதக் கூச்சப்படுகிறார்கள். இலக்கணம் யாருக்கும் முக்கியமில்லை. ஊர், ஆண்டு, பார்த்து முடித்த தொகுதிகளின் எண்கள், தேவைப்படுவது என்ன: இந்த நான்கும் இருந்தால் போதும். 'தருமபுரி தபால் பற்றி எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். '1860-களில் சேலம் மாவட்ட ரன்னர் வழிகள், இந்த மூன்று தொகுதிகளைப் பார்த்துவிட்டேன், அடுத்து எது?' என்று கேளுங்கள். ஆன்லைனில் இன்னும் ஏறாத கையெழுத்து அட்டவணைகள் காப்பகங்களில் இருப்பதுண்டு. அவற்றைப் புரட்டிப் பார்க்கக்கூடியவர் அங்கே உட்கார்ந்திருக்கும் காப்பாளர்தான். எழும்பூருக்கு என்றால் நேரில் போய்விடுங்கள். அதற்குமுன் அனுமதிக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு மொரப்பூரில் ரயில் ஏறுங்கள்.