பேண்டை இறுக்க இறுக்க எடை இறங்காது

எடையைக் குறைக்க இரைப்பையில் கேஸ்ட்ரிக் பேண்ட் பொருத்திக்கொண்டவர்கள் முதலில் சொல்லும் புகார், “ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசமாச்சு, இன்னும் பசிக்குதே!” என்பதுதான். பசிக்கத்தான் செய்யும். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் அந்தச் சிலிக்கான் வளையத்தை முதல் நாளே இறுக்குவதில்லை. புண் ஆறி, வளையம் தன் இடத்தில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகுதான் வயிற்றுத் தோலுக்கு அடியில், வளையத்தோடு குழாயால் இணைத்திருக்கும் போர்ட் என்ற சிறு பொத்தானில் ஊசி குத்தி, சலைன் (உப்புநீர்) ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். அதற்குள் “இது எனக்கு வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

எடை குறைக்கக் கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதும் வேண்டாம். பேண்டில் எடை மெதுவாகத்தான் இறங்கும். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைந்தாலே நல்ல வேகம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பேண்ட் என்பது சாப்பாட்டை மறிக்கும் கதவு என்று நினைப்பது. அதன் வேலை வேறு. இரைப்பைச் சுவரை லேசாக அழுத்தி, அங்குள்ள நரம்புகள் வழியாகப் பசியை அடக்குவதுதான் அது. சரியாக இறுக்கிய பேண்டில் நன்றாக மென்ற ஒரு வாய் உணவு தடையின்றிக் கீழே இறங்கிவிடும். இது புரியாதவர்கள்தான் ஒவ்வொரு முறையும் “இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர்” என்று கேட்கிறார்கள்.

அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும்? சிக்கன், சப்பாத்தி, பொரியல் எதுவும் இறங்காது. ஆனால் ஐஸ்கிரீம், மில்க் ஷேக், டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆக, ஒரு பக்கம் வாந்தி, மறுபக்கம் எடை ஏற்றம். படுத்தால் இருமல், எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல் என்று வந்தால் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். பேண்டைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். மெல்போர்னில் பால் ஓ’பிரையன் என்ற சர்ஜனின் குழுவினர் இதை நோயாளிகளுக்கு மூன்று நிறங்களில் விளக்கினார்கள். பசியும் பெரிய கவளமும் இருந்தால் மஞ்சள், விழுங்கச் சிரமமும் இரவு இருமலும் இருந்தால் சிவப்பு, கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்று தோன்றினால் பச்சை. பச்சையில் இருப்பவருக்கு மேலும் இறுக்கத் தேவையே இல்லை.

அதே குழு 2013-இல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கின்படி, 15 ஆண்டுகள் கழித்தும் நோயாளிகள் தங்கள் கூடுதல் எடையில் சராசரியாக 47 சதவீதத்தை இழந்த நிலையிலேயே இருந்தார்கள். ஆனால் 26 சதவீதம் பேருக்குப் பேண்டுக்கு மேலே பை போல இருக்கும் இரைப்பைப் பகுதி விரிந்துபோய் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பை விரிவதற்கு வேகமாகவும் அதிகமாகவும் சாப்பிடுவது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் சாப்பிடும் விதத்தில் கறாராக இருங்கள். சின்னத் துண்டாக எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பேசிக்கொண்டே அடுத்த கவளம் போட்டால், முந்தையது இன்னும் வளையத்தைத் தாண்டியிருக்காது. ரொட்டி, உருட்டிய சோறு, உலர்ந்த கோழிக்கறி ஆகியவைதான் பெரும்பாலும் சிக்கும். நெஞ்சுக்குள் அழுத்தம், வாய் நிறைய நுரைத்த எச்சில் என்றால் சிக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு எழுந்து நடக்கலாம். தண்ணீர் குடித்துத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் தயமின் வைட்டமின் குறைந்து நரம்புகளைப் பாதிக்கும் என்பதால் அதையும் ஆறப்போடக் கூடாது.

ஜூஸ், குளிர்பானம், சர்க்கரை போட்ட காபி எல்லாம் பேண்டைத் தாண்டிப் போகும் கலோரிகள். புரதம், தினசரி நடை பற்றி உங்கள் டயட்டீஷியன் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருந்து விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஓ’பிரையன் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சமீபத்தில் நோய் வந்த 60 பேரில் பேண்ட் போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் தணிந்தது. இதைக் கேட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் ஒரு ரகம். சாப்பாடு பாதியாகியும் பழைய அளவு இன்சுலினையே போட்டுக்கொண்டு மயங்கி விழுவோர் இன்னொரு ரகம்.

அப்புறம், ஃபாலோ அப். முதல் ஆண்டில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். இப்போது உலகெங்கும், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முன்னுக்கு வந்து பேண்ட் குறைந்துவிட்டது. எனவே ஊர் மாறுவதற்கு முன், அங்கே பேண்டைச் சரிசெய்யத் தெரிந்த சர்ஜன் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கர்ப்பமானால் வாந்திக்கும் உணவுத் தேவைக்கும் ஏற்பத் தளர்த்தவும் அவர் வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று பழைய பசி திரும்பினால், டயட்டை இன்னும் கடுமையாக்கும் முன் அவரிடம் காட்டுங்கள். போர்ட்டிலோ குழாயிலோ சலைன் கசிந்திருக்கலாம். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்து, ஏற்றிய அளவு உள்ளே இருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார்.