கோமாளி மீனுக்கு வெள்ளைப்புள்ளி: நுவரெலியாக் குளிரில் மீட்ட விதம்

உடம்பில் உப்புத் தூவினாற்போல் புள்ளி, கல்லில் உரசல், வேகமான மூச்சு: கடல்மீனைப் பிடிக்கும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. நன்னீர் வெள்ளைப்புள்ளி வேறு ஒட்டுண்ணி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

40 லீற்றர் தனித் தொட்டி, ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஒளிய பிவிசி குழாய்த்துண்டு. மணலோ கல்லோ கூடாது. ஒட்டுண்ணி தாங்காதபடி உப்படர்த்தியை (வெறும் தண்ணீரோடு ஒப்பிட்ட உப்புநீரின் அடர்த்தி) 1.025இலிருந்து 1.009க்கு இரண்டு நாளில் இறக்கினேன். ஒளிவிலகலால் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம். ஊசி வைத்த மலிவுக் கருவி பொய் சொல்லும், 1.012இல் நின்றால் ஒட்டுண்ணி தப்பிவிடும். உப்புக் குறைந்தால் பிஎச்சும் சரியும். அப்பச்சோடா கரைத்து 8.0க்கு மேல் பிடித்தேன்.

இங்கே பெரிய தலையிடி குளிர்தான். இரவு 10 பாகைக்கு இறங்கினால் 100 வாட் ஹீட்டர் 25 பாகையைப் பிடிக்கத் திணறும். மூன்று பக்கமும் ரெஜிபோம் ஒட்டி, மேலே கண்ணாடி மூடியதும் சூடு இறங்காமல் நின்றது. கரண்ட் போனால் போர்வை, பற்றரி எயார் பம்ப்.

புது ஃபில்டரில் மீன் கழிவின் நச்சான அமோனியா ஏறும். ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்றிலொரு பங்கு நீர் மாற்றினேன். அதே சூடு, அதே உப்பு.

சில நாளில் புள்ளி மறையும். அது ஏமாற்று: ஒட்டுண்ணி உதிர்ந்து அடியில் பெருகுகிறது. கடைசிப் புள்ளிக்குப் பிறகும் 30 நாள் தொடர்ந்து, ஒரு வாரத்தில் மெல்ல உப்பை ஏற்றினேன். மீன் முன்பு இருந்த பெரிய தொட்டியிலும் ஒட்டுண்ணி அழிய, அதை மொத்தம் இரண்டரை மாதம் மீனில்லாமல் விட்டேன்.