டிவிக்குக் காமெடி எழுதக் கிளம்பும் டெல்டா தம்பிகள் செய்யும் தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கமிருந்து அவ்வப்போது யாராவது ஒரு தம்பி என்னைத் தேடி வருவார், கையில் ஒரு நோட்டு இருக்கும், நோட்டு நிறைய ஜோக்குகள் இருக்கும், அதில் பாதி வாட்ஸ்அப்பில் நான் ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும். முதல் தவறு அந்த நோட்டுதான். ஜோக்கைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளை யோசிக்காமலேயே எழுதிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் சித்தப்பா ஒரு முறை கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மூன்று நாள் காத்துக்கிடந்தார், நடுவில் மழை வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மீட்டர் 19 காட்டியது. சித்தப்பா குரலை உயர்த்தவே இல்லை. "அந்த மிஷின என் கையில வச்சுப் பாருங்க சார், மூணு நாளா உங்க வாசல்ல நிக்கிறேன், நானே இருபதுக்கு மேல காட்டுவேன்" என்றார். மீட்டர் பிடித்திருந்தவரே சிரித்துவிட்டார். (நெல்லை எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.) இதை என் முதல் ஸ்கெட்சில் ஒரு இளவட்ட ஹீரோவுக்குக் கொடுத்து, கூடவே அதிகாரியின் தொப்பையைப் பற்றி ஒரு கவுண்டர் வசனமும் சேர்த்தேன். ஷூட்டிங்கில் லைட்மேன்கூட சிரிக்கவில்லை. கோபப்பட வசதியில்லாத ஒரு மனுஷன் மரியாதையாகச் சொன்னதால்தான் அது சிரிப்பு, ஹீரோ வாயில் வெறும் திமிர்.

அடுத்தது பேச்சு. சேனலில் 'கிராமத்துத் தமிழ்' கேட்டால் உடனே மதுரைப் பேச்சையோ நெல்லைப் பேச்சையோ அரைகுறையாகக் காப்பியடிக்கிறார்கள். நம் பக்கத்துக் குசும்பு மரியாதைக்குள் ஒளிந்திருக்கும். கல்யாணத்துக்கு லேட்டாக வந்தவரிடம் "வாங்க வாங்க, அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார்களே, அது. இதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஊர்ப் பேச்சைக் கடன் வாங்குவானேன்?

அப்புறம் நேரக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போகலாம் என்பது விதி. அரை மணி ஸ்லாட்டில் அதைக் கழித்து, டைட்டிலையும் கழித்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 22 நிமிடம். நாற்பது நிமிடத்துக்கு எழுதிக் கொடுத்தால் எடிட்டர் எதை வெட்டுவார்? சிரிப்பு வராத இடத்தைத்தான். அங்கேதான் நீங்கள் பின்னால் வரும் பஞ்ச் வசனத்துக்கு விதை போட்டிருப்பீர்கள். விதை போனதும் பஞ்ச் அநாதை. அதே மாதிரி, கதையை விளக்கிவிட்டுப் பிறகு சிரிக்க வைக்கலாம் என்று முதல் ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் கதை தொடங்குவதற்கு முன்பே கோணங்கி என்கிற கோமாளி வந்து ஆடிவிடுவான், நமக்குத் தெரியாத வித்தையா இது?

பேப்பர் விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப மோசம். ஐடியாவைச் சொல்லிவிட்டு "என் கதையைத் திருடிட்டாங்க" என்று அழுது பயனில்லை, வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதி முடித்த ஸ்கிரிப்டுக்குத்தான். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கொண்டால் உரிமை வந்துவிடும் என்பதும் கட்டுக்கதை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் உங்களிடம் நீட்டப்படும் பேப்பரில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று ஏற்கெனவே அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். அட்வான்ஸ் செக்கைப் பார்க்கும் கண்ணால் அந்த வரியையும் பாருங்கள்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஒன்றுதான்: கே. பாலசந்தர். நன்னிலம் பக்கம் நல்லமாங்குடிக்காரர், அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். டிவி தொடர்களெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தவை.

எழுத்தாளன் தயாரிப்பாளர் ஆகும்போது வருகிற தவறுகள் தனி ரகம். நிலத்தை அடமானம் வைத்து பைலட் எபிசோடு (சேனலுக்குக் காட்டும் மாதிரி எபிசோடு) எடுக்காதீர்கள், தயவுசெய்து. சேனல் பணம் ஒளிபரப்பான பிறகு சாவகாசமாகத்தான் வரும், லைட்மேனுக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் அன்றன்றைக்குக் கொடுத்தாக வேண்டும். எழுதும்போது 'ஆற்றங்கரை, மழை, திருவிழாக் கூட்டம்' என்பது ஒரு வரி, தயாரிப்பாளருக்கு அது மூன்று நாள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஹீரோ சைக்கிளோடு காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றில் விழுகிற மாதிரி ஒரு சீன். எழுதியதும் நான், தயாரித்ததும் நான், பாபநாசத்தில் வளர்ந்தவனும் நான். மே மாதத்தில் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால் ஆறு முழுக்க மணல், நடுவில் நாலு ஆடு மேய்கிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான், அங்கிருந்து கல்லணைக்கு வரவே நாலு நாள் ஆகும். எல்லாம் தெரிந்தவன்தான், கால்ஷீட் அவசரத்தில் மறந்துவிட்டேன். கேமரா வாடகை ஓடிக்கொண்டிருக்க எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேமராமேனிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் இல்லீங்க தம்பி, இப்ப விழச் சொல்லுங்க, தண்ணி பின்னால வரும்."