மாமா பெயரில் இன்னொரு மாமா: போலிக் கணக்கைத் தூக்குவது எப்படி

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மாமா ஓய்வுபெற்ற வாத்தியார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள், விடிந்தும் விடியாமல் போன். "ஏல, என் ஃபேஸ்புக்க எவனோ ஹேக் பண்ணிட்டாம்ல."

ஹேக் எல்லாம் இல்லை. மாமாவின் கணக்கு அப்படியேதான் இருந்தது. அவர் பெயரையும் போட்டோவையும் எடுத்து எவனோ புதுக் கணக்கு திறந்து, பழைய மாணவர்களுக்கெல்லாம் நட்பு அழைப்பு விட்டிருந்தான். அப்புறம் மெசெஞ்சரில் கதை: நண்பர் ஒருவர் துணை ராணுவத்தில் அதிகாரியாம், திடீர் டிரான்ஸ்பராம், கட்டில் பீரோ ஃபிரிட்ஜ் எல்லாம் சல்லிசு விலைக்குத் தருகிறாராம், அட்வான்ஸ் மட்டும் அனுப்ப வேண்டுமாம். கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் 8,000 ரூபாயை அடித்துவிட்டு, பின் நம்பர் போடும் இடத்தில் நின்றுவிட்டார். செய்தி "வணக்கம் சகோதரரே" என்று ஆரம்பித்திருந்தது. மாமா வாயில் அவர் என்றைக்கும் "ஏல"தான்.

ஹேக் ஆனால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். போலிக் கணக்குக்கு அதை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. மாமா நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை மாற்றி, மூன்றாவதை மறந்தும் போயிருந்தார்.

முதல் வேலை: யாராவது பணம் அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். பணம் போனவரே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு. பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்தது, போலிக் கணக்கின் லிங்க். நான் மாட்டிக்கொண்ட இடம் இது. மாமா போனில் அரை மணி நேரம் தேடினேன். பெயரைத் தமிழில் அடித்தேன், இங்கிலீஷில் அடித்தேன், இனிஷியலை முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன். ஒன்றும் இல்லை. அவனே அழித்துவிட்டான் போல என்று வண்ணாரப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் என் மனைவி போனில் தேடினால் முதல் ஆளாக வந்து நிற்கிறான்! விஷயம் இதுதான்: போலிக் கணக்கைத் திறந்ததும் அசல் ஆளை பிளாக் செய்துவிடுகிறார்கள். ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. ஆகவே உங்கள் போனில் தேடி நேரத்தை வீணாக்காமல், அழைப்பு வந்த நண்பரிடமே லிங்க்கை அனுப்பச் சொல்லுங்கள். அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். அது போதாது. ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள், முகவரியில் உள்ள எண்தான் ஆளைக் காட்டும். ஆப்பில் அது ஒளிந்து கிடக்கும் என்பதால் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து மேலே இருப்பதை அப்படியே காப்பி செய்வதுதான் எனக்குச் சரிப்படும்.

இனி புகார். போலி ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டால் ரிப்போர்ட் வரும். அதில் ஸ்பேம், தொந்தரவு என்று வேறு காரணங்களும் இருக்கும். அவசரத்தில் அதைத் தொடாதீர்கள். "வேறொருவராக நடிக்கிறார்" என்ற பொருளில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, யாராக என்று கேட்கும்போது "நண்பர்" என்று சொல்லி, மாமாவின் அசல் கணக்கைக் காட்ட வேண்டும். அசலைக் காட்டினால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? (வார்த்தைகள் அவ்வப்போது மாறும், பொருள் இதுதான்.) "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க" என்று குரூப்பில் கூவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சரியான காரணத்தோடு நாலு பேர் போதும்.

கணக்கு போன பிறகு செட்டிங்ஸில் போய், நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதை "நான் மட்டும்" என்று மாற்றுங்கள். மாமாவின் பட்டியல் திண்ணை மாதிரி திறந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அத்தனை மாணவர்களுக்கும் அழைப்பு போயிருக்கிறது.

இதே வாரம் பேட்டை சித்தி வேறொரு வலையில் விழுந்தாள். "1 ரூபாய்க்கு மூன்று மாதம் எல்லாச் சேனலும்" என்று ஒரு விளம்பரம். ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரைப் போட்டுவிட்டாள். அந்தத் திரையில் ஆட்டோபே என்றும், மாதம் அதிகபட்சம் 999 என்றும் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. அவள் கொடுத்தது ஒரு ரூபாய் அல்ல, மாதாமாதம் எடுத்துக்கொள்ள அனுமதி. அனுமதி கொடுத்துவிட்டால், அதில் போட்டிருக்கும் அதிகபட்சத்துக்குள், 15,000 ரூபாய் வரைக்கும் திரும்பப் பின் கேட்காமலே எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஓர் அறிவிப்பு வரும். அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

சித்தி ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். ஆப்பை அழித்தால் அனுமதி போகாது! பணம் அனுப்பும் செயலியில் உங்கள் ப்ரொஃபைலுக்குள் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். அங்கே போய் ரத்து செய்ய வேண்டும், அதற்கும் பின் கேட்கும். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே சப்ஸ்கிரிப்ஷன் பகுதியில் ரத்து. என் யோசனை, யுபிஐக்கு என்று தனிக் கணக்கு வைத்து அதில் இரண்டாயிரத்துக்கு மேல் போடாதீர்கள்.

பிற்சேர்க்கை: மைனி கேட்டாள், "எனக்கு ஃபேஸ்புக்கே கெடயாது, என் போட்டோவ வச்சு எவளாவது ஆரம்பிச்சா?" கணக்கு இல்லாதவர்களும் புகார் செய்ய ஃபேஸ்புக் உதவிப் பக்கத்தில் தனிப் படிவம் இருக்கிறது. அடையாள அட்டையின் படம் கேட்பார்கள். அங்கேயும் முதலில் கேட்பது அந்த லிங்க்கைத்தான்.