பாரசீகத்தில் 'என்று கேட்டாள்' சொல்வது எப்படி?

ஒருவர் கேட்ட கேள்வியைப் பாரசீகத்தில் இன்னொருவரிடம் சொல்ல, ஆங்கில இலக்கணத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். 'கேட்டாள்' இறந்தகாலம் என்பதற்காக உள்ளே இருக்கும் வினையின் காலத்தை மாற்றத் தேவையில்லை. தமிழிலும் நாம் மாற்றுவதில்லையே!

மர்யம் உங்களிடம் கேட்ட கேள்வி: கொஜா மீரவீ? (எங்கே போகிறாய்?)

படி 1: 'கேட்டாள்' முதலில் வரட்டும். மர்யம் அஃஜ் மன் போர்சீத் (மர்யம் என்னிடம் கேட்டாள்). 'அஃஜ்' என்றால் 'இருந்து'; கேட்பதற்கு அதுதான் வரும். 'பெ மன் போர்சீத்' தவறு. 'பெ' வருவது 'சொன்னாள்' என்னும் 'கொஃப்த்' வினையோடு.

படி 2: அடுத்து 'கெ'. நம் 'என்று' கேள்விக்குப் பின்னால் வரும். 'கெ' முன்னால் வரும். பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

படி 3: வினையின் விகுதியை மாற்றுங்கள். நீ-க்கு உரிய '-ஈ' போய், நான்-க்கு உரிய '-அம்' வரும்:

மர்யம் அஃஜ் மன் போர்சீத் கெ கொஜா மீரவம்.

தமிழ்ப் பழக்கம் காலைவாருவது இந்த மூன்றாம் படியில்தான். 'எங்கே போகிறாய் என்று கேட்டாள்' என்று நாம் கேள்வியை அப்படியே வைப்போம். அதே நினைப்பில் 'மீரவீ' என்று விட்டால், எதிரே நிற்பவர் தாம் எங்கே போகிறோம் என்று மர்யம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஈரானியரும் பேச்சில் கேள்வியை உள்ளபடியே ஒப்பிப்பதுண்டு. அங்கே குரலே பொருளைக் காட்டிவிடும். எழுதும்போது மாற்றிவிடுங்கள்.

காலத்தைத் தொட்டால் பொருளே வேறு. 'கொஜா மீரஃப்தம்' என்றால் 'எங்கே போய்க்கொண்டிருந்தேன்' என்றாகிவிடும்.

ஆம்/இல்லை கேள்விக்கு, நம் '-ஆ' செய்யும் வேலையை 'ஆயா' செய்கிறது. 'நான் தாரீ?' (ரொட்டி வைத்திருக்கிறாயா?) என்பது 'போர்சீத் கெ ஆயா நான் தாரம்' ஆகும். இங்கே 'நான்' என்பது ரொட்டி! பேச்சில் 'ஆயா' அரிது. 'போர்சீத் நூன் தாரம் யா ந' (இருக்கா இல்லையா) என்பார்கள்; 'நூன்' என்பது 'நான்' என்பதன் பேச்சு வடிவம். ஆங்கிலவழி படித்தவர்கள் 'if' நினைப்பில் இந்த இடத்தில் 'அகர்' போட்டுவிடுவார்கள். அது 'வந்தால்', 'இருந்தால்' போன்ற நிபந்தனைக்கு உரியது, இங்கே வேண்டாம்.

கேட்காத கேள்விக்கும் இதே அமைப்புதான்: நெமீதானம் கெலீத் கொஜாஸ்த் (சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை). ஏவலுக்கு 'பெபோர்ஸ்': அஃஜ் மர்யம் பெபோர்ஸ் கெய் மீயாயத் (எப்போது வருகிறாள் என்று மர்யமிடம் கேள்).