தறி வீட்டில் கேமிங் லேப்டாப்: கிராபிக்ஸ் கார்டின் சூட்டைத் தணிப்பது எப்படி?

பொதட்டூர்ப்பேட்டையில் எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கே விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிடும். எல்லாம் லுங்கி நெய்யும் தறிகள். நூலிலிருந்து உதிரும் பஞ்சு காற்றில் மிதந்து வந்து ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, தண்ணீர்ப் பானை மூடி என்று எல்லாவற்றின் மீதும் படியும். போன சித்திரையில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் இழுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்றான். முகம் வாடிப்போயிருந்தது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றுவது என்றால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்றுவதுதான். அவன் அப்பா தறியில் எத்தனை மாதம் உழைத்தால் அந்தப் பணம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அடிமூடியைக் கழற்றி, விசிறியைத் தூக்கிப் பார்த்தேன். விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பட்டை. சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் முழுதாக வந்தது. கம்பளி போல இறுகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலம், அரக்கு, பச்சை என்று எங்கள் தெருவில் ஓடும் பாவு நூல்களின் நிறமெல்லாம் அதில் இருந்தது. கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மூச்சு விட வழியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று தறி ஓடும் ஊர்களில் இருக்கும் எல்லாருக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். செலவும் ஆபத்தும் இல்லாத வேலைகளை முன்னால் வைத்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டைச் செப்புக்குக் கடத்தும் பசை) மாற்றக் கிளம்பி மதர்போர்டைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவு பாருங்கள்

கையை வைத்துப் பார்த்து "சுடுகிறது" என்று முடிவு செய்ய வேண்டாம். விசைப்பலகைக்கு மேலே இருக்கும் பகுதி சுடுவது இயல்பு. உள்ளே சிப்பின் வெப்பம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை, சொடுக்கினால், தனி கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். இன்னும் விரிவாக வேண்டும் என்றால் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதைச் சென்சார்ஸ் மட்டும் காட்டும்படி திறந்து வைத்து, வழக்கமாக விளையாடும் விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. செப்புக் குழாய்களும் தகடுகளும் முழுச் சூட்டுக்கு வரவே நேரமாகும்.

பிறகு மேக்ஸிமம் என்ற பத்தியைப் பாருங்கள். 70 முதல் 80 டிகிரி வரை என்றால் நிம்மதியாக இருக்கலாம். 80-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். என்விடியா லேப்டாப் கார்டுகள் பலவற்றில் 87 டிகிரியை எட்டியதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திடீரென்று இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எச்டபிள்யூ இன்ஃபோவில் பெர்ஃபார்மன்ஸ் லிமிட் தெர்மல் என்ற வரியில் 'யெஸ்' என்று வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜிபியு வெப்பம், ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிக அதிகமாகச் சுடும் இடம்) வெப்பம், அறையின் வெப்பம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே விளையாட்டை இதே அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி குறியுங்கள். அறை வெப்பம் ஏன் என்றால், அறையில் 10 டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மார்கழியில் 76 காட்டிய கார்டு கத்திரி வெயிலில் 87-ஐத் தொடுவதில் வியப்பில்லை. திருத்தணிப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போவது நமக்குப் பழகிப்போன கதை.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது

கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு, தயாரிப்பாளர் வைத்த வரம்பைப் பொறுத்து, 100 வாட்டுக்கு மேலும் இழுக்கும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அது எத்தனை சூடு என்று தெரியும். அந்தச் சூட்டை இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சிறிய விசிறிகள் வெளியே தள்ள வேண்டும். போதாததற்குப் பெரும்பாலான லேப்டாப்களில் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் கொதிக்கும்.

ஆகவே வழி இரண்டுதான். காற்றுப் பாதையைத் திறந்துவிடலாம், உண்டாகும் சூட்டையே குறைக்கலாம். இரண்டையும் செய்வோம்.

தரையிலிருந்து தூக்குங்கள்

பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தரையில் வைத்து விளையாடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தறி வீட்டில் பஞ்சு அதிகம் கிடப்பது தரையில்தான், லேப்டாப் காற்று இழுப்பதோ அடிப்பக்கத்தில். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தத் தம்பியின் லேப்டாப்பில் பார்த்தேன். மேசையில் வையுங்கள். பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் அடியில் காற்றுத் துளையை மறைக்காமல் இரண்டு பாட்டில் மூடிகளை வையுங்கள். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கே சில டிகிரி குறைவதுண்டு. மெத்தை, தலையணை, மடியில் விரித்த லுங்கி எதுவும் ஆகாது.

ஏர்கூலர் வைத்திருப்பவர்கள் அதன் ஈரக் காற்று நேராக லேப்டாப்பில் படாமல் திருப்பி வையுங்கள். சாதாரண மேசை விசிறி போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் அனல் இறங்கிக்கொண்டிருக்கும். விடியற்காலைதான் நல்ல நேரம்.

பஞ்சை எடுங்கள்

நம் ஊர்களுக்கு இதுவே முக்கியமான வேலை. பொறுமையாகச் செய்யுங்கள்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், மூடியைத் திறக்கலாமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். திறக்கக் கூடாது என்றால் திருப்பதிக்கோ சென்னைக்கோ போய்ச் சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்துகொள்வதே நல்லது. ஒரு நாள் அலைச்சல்தான்.

தேவையானவை: சரியான அளவு ஸ்க்ரூடிரைவர், மென்மையான பெயின்ட் பிரஷ், சாமணம், கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுழல், பழைய ஏடிஎம் அட்டை ஒன்று.

லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அடிமூடியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த இடத்திலேயே தாளில் வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடும். ஏடிஎம் அட்டையை விளிம்பில் செருகி மெதுவாக நகர்த்தினால் மூடி விடுபடும். உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

இனி விசிறி. இறக்கைகளை மட்டும் துடைத்துவிட்டு மூடினால் பாதி வேலைகூட முடியாது. பஞ்சு தங்கும் இடம் இறக்கை இல்லை. விசிறி காற்றைத் தள்ளும் வாய்க்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில்தான் அது சேர்ந்து இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால் விசிறியைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றி, கம்பி இழுபடாமல் லேசாகத் தூக்குங்கள். பட்டையைச் சாமணத்தால் உரித்தெடுங்கள். தகடுகளைப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். அவை மெல்லியவை, அழுத்தினால் வளைந்துவிடும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் அதன் தாங்கிக்கு (பேரிங்) ஆகாது.

தறிக் கூடத்தில் தறியை ஊதிச் சுத்தம் செய்யும் கம்பிரஸர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பஞ்சர் கடையிலும் இருக்கும். அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் அழுத்தம் விசிறியை உடைக்கும், காற்றோடு நீர்த்துளியும் எண்ணெயும் வந்து போர்டில் படியும்.

மூடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைத் திரும்ப மாட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

ஃப்ரேமுக்கு ஒரு வரம்பு

பல கேமிங் லேப்டாப்களின் திரை நொடிக்கு 144 முறைதான் புதுப்பிக்கும். கார்டோ, வரம்பு வைக்காவிட்டால், விளையாட்டின் முகப்புப் பக்கத்தில் சும்மா நிற்கும்போதுகூட நொடிக்கு 300 ஃப்ரேம், அதாவது 300 படம், வரைந்து தள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த உழைப்பு அத்தனையும் சூடு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற அமைப்பு இருக்கிறது. கதை விளையாட்டுகளுக்கு 60, சுடும் விளையாட்டுகளுக்கு 120 என்று வைத்துப் பாருங்கள். ஏஎம்டி கார்டு என்றால் 'ரேடியான் சில்' என்ற வசதி இதே வேலையைச் செய்யும். ஒரு நிமிட வேலை. இதில் கிடைக்கும் பலன் பணம் கொடுத்து வாங்கும் கூலிங் பேடில்கூடப் பல நேரம் கிடைப்பதில்லை.

பிராசசரையும் கொஞ்சம் அடக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலையை 100-லிருந்து 99-ஆக்கினால் அது தானாக எகிறும் டர்போ வேகம் நின்றுவிடும். செப்புக் குழாயில் கிராபிக்ஸ் சிப்புக்கு இடம் கிடைக்கும். சில லேப்டாப்களில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வோல்ட்டேஜைக் குறைப்பது

சிப் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே வேகத்தைக் குறைந்த வோல்ட்டேஜில் ஓட்டினால் சூடு நன்றாக இறங்குவது இதனால்தான். எல்லாச் சிப்பும் ஓட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட்டேஜ் வைக்கின்றன. உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம்.

எம்எஸ்ஐ நிறுவனத்தின் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை நிறுவுங்கள். வேறு நிறுவன லேப்டாப்பிலும் வேலை செய்யும். விளையாட்டு ஓடும்போது கார்டு எத்தனை மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று பாருங்கள். 1,800 என்று வைத்துக்கொள்வோம். சிப்பின் வேகத்தைக் காட்டும் கோர் கிளாக்கை மைனஸ் 200-க்கு இறக்கி, அப்ளை கொடுங்கள். கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு திறக்கும். கீழே மில்லிவோல்ட், பக்கவாட்டில் மெகாஹெர்ட்ஸ். 850 மில்லிவோல்ட்டுக்கு நேர் மேலே உள்ள புள்ளியைப் பிடித்து 1,700-க்கு உயர்த்துங்கள். வலப்பக்கப் புள்ளிகள் அதற்கு மேலே நிற்கக் கூடாது. நின்றால் கோர் கிளாக்கை இன்னும் இறக்குங்கள். மறுபடி அப்ளை கொடுத்தால் வலப்பக்கம் முழுவதும் ஒரே மட்டமாகிவிடும். இனி கார்டு 850-க்கு மேல் வோல்ட்டேஜ் கேட்காது.

விளையாட்டு நின்றுபோனாலோ திரையில் புள்ளிகள் தெறித்தாலோ பயப்பட வேண்டாம். லேப்டாப்பை மீண்டும் தொடங்கினால் பழையபடி ஆகிவிடும். மெகாஹெர்ட்ஸில் 50 குறைத்தோ மில்லிவோல்ட்டில் 25 கூட்டியோ திரும்ப முயலுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பை ஏற்றும் பொத்தானை மட்டும் ஒரு வாரம் சோதிக்காமல் அழுத்தாதீர்கள்.

தெர்மல் பேஸ்ட், கடைசியாக

இத்தனையும் செய்த பிறகும் 85-க்கு மேல் நின்றாலோ, ஹாட் ஸ்பாட்டுக்கும் சாதாரண வெப்பத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, சிப்புக்கும் செப்புக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் உலர்ந்தோ ஒதுங்கியோ போயிருக்கலாம். முதல் தடவை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஹீட்சிங்க் (செப்புக் குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) திருகாணிகளுக்கு அருகில் எண்கள் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது ஒன்றிலிருந்து. மெமரி சிப்கள் மேல் இருக்கும் மெத்தென்ற பேட்கள் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் மாறினால் சிப்பும் செப்பும் ஒட்டாது.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இங்கே நம் கை தானாகக் கழிவுப் பஞ்சைத் தேடும். வேண்டாம், நார் நாராக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி துடைக்கும் துணியே சரி. பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

அந்தத் தம்பியின் லேப்டாப்புக்குப் பேஸ்ட் மாற்றும் தேவையே வரவில்லை. வந்தபோது 87 டிகிரி. பஞ்சை எடுத்து, மேசையில் தூக்கி வைத்ததும் 79. ஃப்ரேம் வரம்பும் வோல்ட்டேஜும் சேர்ந்து 72. அவன் வீட்டு முன்கூடத்தில் நான்கு தறிகள் ஓடுகின்றன. அதனால் பங்குனி முடிவதற்குள் ஒரு தடவை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை, தீபாவளிக்காக இரவும் பகலும் தறி ஓடி முடிந்த பிறகு ஒரு தடவை என்று அடிமூடியில் ஒட்டிய தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தறி இல்லாத வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை போதும்.